ஸராவுக்கு ஒரு வால்

தெம்பே ஏரிக்கரை, வாஜோ
20 மார்ச் 1994

தங்கச்சி கம்பெங்குக்கு,

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஒவ்வொரு வரியையும் நேராகத்தான் தொடங்குகிறேன். பாதி வழி போனதும் பென்சிலுக்குத் தாகம் எடுத்ததுபோல் ஏரிப் பக்கமாக இறங்கிவிடுகிறது. எழுத்துகளும் ஓர் அளவில் இல்லை. சிலது பொடி மீன், சிலது வலையைக் கிழிக்கிற மீன். பொறுத்துக்கொள். இதை எழுதுவது வேறு யாருமில்லை, உன் அண்ணன் லா தாஹாங்தான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து உட்கார்ந்தவன், ஞாயிற்றுக்கிழமை இந்த வரிக்கு வந்திருக்கிறேன்.

அறுபத்தெட்டு வயதில் படிக்கப் போய்க்கொண்டிருக்கிறேன். லா பிதே வீட்டுக்குக் கீழே, தூண்களுக்கு நடுவில், தறியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் போட்டிருக்கிறார்கள். பதினொரு கிழங்கள். சொல்லிக்கொடுப்பது ரோஸ்மினி டீச்சர். முதலில் அரசாங்க மொழியில் எழுதச் சொன்னார். மீனுக்கு அந்த மொழியில் ‘இக்கான்’. பதினொரு பேரும் ‘இக்காங்’ என்று எழுதினோம்.

“பெரியவங்களே, இந்த ‘ங்’ எங்கேருந்து வந்துச்சு?” என்றார்.

“ஏரியிலேருந்துதான் டீச்சர். மீனோடயே வலையில மாட்டிக்கிச்சு,” என்றான் லா பிதே.

“சரி, நான் சொல்ற மாதிரி சொல்லுங்க. இக்கான்.”

“இக்காங்!”

“கான்.”

“அதத்தான் டீச்சர் நாங்களும் சொல்றோம். காங்!”

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம்தான் காரணம் சொன்னார். நம் மொழியில் ஒரு சொல் மெய்யில் முடிந்தால் அதற்கு இரண்டே வழிதானாம். மூக்கில் போய் ‘ங்’ என்று அடங்கும். இல்லையென்றால் தொண்டையில் டக்கென்று நிற்கும். இத்தனை வருஷம் பேசியிருக்கிறேன், என் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியாது. நம்மிடம் உயிர் ஒலி ஆறு, பலகையில் இருக்கிற உயிர் எழுத்தோ ஐந்து. ஒரே எழுத்தின் தலையில் ஒரு கோடு போட்டால் ஒரு ஒலி, போடாவிட்டால் இன்னொன்று. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆறையும் சொல்லிக்கொண்டே வந்தேன். வாத்துகள் பதில் சொல்லின.

புதன்கிழமைகளில் நம் மொழியையே எழுதலாம். முதல் புதன்கிழமை நான் எழுதியது உன் பெயர். பழைய லொந்தாரா எழுத்தில் அது இரண்டே எழுத்து. க, பெ. வயிற்றில் இருக்கிற ‘ம்’, வாலில் இருக்கிற ‘ங்’ இரண்டையும் வாசிக்கிறவர்தான் தன் தலையிலிருந்து எடுத்துப் போட வேண்டும். இப்போது முழுசாக எழுதினேன். கம்பெங். நீயே வந்து பாயில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

என் மனைவி நன்னா போன மழைக்காலத்தில் இறந்துவிட்டாள். பெரியப்பா இறந்து ஏழு வருஷம். உன்னைத் தடுக்க இங்கே ஒருவரும் இல்லை.

உன் புருஷன் போனபோது, ஊருக்கு வரலாமா என்று நீ கேட்டனுப்பினாய். நான் பதில் அனுப்பினேன். நீ வரவில்லை. பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஏன் என்று கேட்க என்னிடம் எழுத்து இருக்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

உன் அண்ணன்
லா தாஹாங்


தவாவ்
17 ஏப்ரல் 1994

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. கப்பலில் வந்த ஆள் கருவாட்டு மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். நன்னா அண்ணிக்காகத் தொழுதேன். நல்லவள்.

நான் அதிகம் எழுத மாட்டேன். பகல் முழுக்கக் கொக்கோ விதையைக் காயவைத்துப் புரட்டுகிற வேலை. சாயங்காலம் விரல்கள் மடங்குவதில்லை. இந்த எழுத்தை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தகர டப்பாக்களையும் கடைப் பலகைகளையும் பார்த்துப் பார்த்து வந்தது. உன்னைப்போல் எனக்கு அதில் சந்தோஷம் எதுவும் இல்லை.

ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். கேட்க உனக்கு மனசு வந்ததே என்று இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

லா முதேயோடு ஓடிவந்தபோது எனக்கு இருபது வயது. உனக்கு அவமானம்தான், நான் மறுக்கவில்லை. அவரைப் புதைத்த மண் காய்வதற்குள் உனக்குச் சொல்லி அனுப்பினேன். ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொடுக்கிற புவாங் மாஸே கையால் எழுதிய உன் பதில் வந்தது. லொந்தாரா எனக்கு அம்மா கற்றுக்கொடுத்தது, நானேதான் படித்தேன். “என் வீட்டில் ஸ-ர இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டு புறப்படு.” அவ்வளவுதான்.

ஸ, ர. இரண்டு எழுத்து. வால் இல்லாமல் படித்தால் ஸரா, துக்கம். தொண்டையில் நிறுத்திப் படித்தால் மார்க்கச் சட்டம், ஓடிப்போனவளை உட்காரவைத்து விசாரிக்கிற சட்டம். மூக்கில் முடித்தால் ஸராங், கூடு. பரணில் நான் படுக்கிற மூலையை அம்மா அப்படித்தான் சொல்வாள். “கூட்டுக்குப் போய்ப் படுடி” என்பாள்.

மூன்று நாள் அந்த மூன்றையும் மாற்றி மாற்றி வாயில் போட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டு சிதாரா சொன்னாள்:

“ஏன்க்கா, கூடுன்னே படிச்சிக்கோயேன். யாரு வந்து கேக்கப்போறா?”

“படிச்சிக்கிட்டுப் போயி ஏணிக்குக் கீழ நிப்பேன். அவரு மேலேருந்து துக்கம்னு படிச்சா?”

நாலாம் நாள் துக்கம் என்று முடிவுசெய்தேன். உன் குரலுக்கு அதுதான் பொருந்தியது.

இந்த நாட்டில் தங்கி வேலை பார்க்கிற என் அனுமதிச் சீட்டு இந்த ஜூலையோடு முடிகிறது. இந்த வயதுக்கு மேல் புதுப்பிக்க மாட்டார்களாம். எல்லையைத் தாண்டியதும் வருகிற நுனுக்கானில் யார் வீட்டிலாவது சமையல் வேலை பார்க்கலாம் என்றிருக்கிறேன். அறுபத்தொரு வயது, முட்டி இரண்டும் போய்விட்டது. உன் வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்று இப்போது தீர்மானிக்க வேண்டும்.

உன்னிடம் வால் வைத்த எழுத்து இருக்கிறது என்கிறாய். அன்று நீ சொன்னது எது? எழுது.

கம்பெங்


தெம்பே ஏரிக்கரை, வாஜோ
8 மே 1994

தங்கச்சிக்கு,

ஸராங்! ஸராங்! ஸராங்! மூன்று முறை எழுதிவிட்டேன். வேறு எதைச் சொல்லியிருப்பேன்? கூடுதான். இது அந்தப் பழைய எழுத்தின் குற்றம். வாலைக் காட்டாத எழுத்தை வைத்துக்கொண்டு நம் முன்னோர் எப்படித்தான் கல்யாணம் பேசினார்களோ.

உன் கடிதத்தை லா பிதே எட்டிப் பார்த்தான். “உன் தங்கச்சி கையெழுத்து உன்னோடதவிட நல்லாருக்கே” என்றான். “அவ தகர டப்பாவுல படிச்சவ, நான் உன் வீட்டுக் கோழிக்கூண்டு பக்கத்துல படிச்சவன்” என்றேன்.

ஏரி ஏறிவிட்டது. லா பிதே வீட்டுக்குக் கீழே இடுப்பளவு தண்ணீர். வகுப்பை மேலே மாற்றிவிட்டோம். படகில் போகிறேன், சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு. போன வாரம் சொல்வதெழுதுதலில் பதினைந்து சொல்லில் பன்னிரண்டு சரி. தப்பான மூன்றும் ‘ன்’. பரீட்சை முடிந்தால் சான்றிதழ் தருவார்கள். அதில் என் பெயர் ‘தாஹான்’ என்று வரும், பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறதாம். “அந்த ஆளு யாருன்னு தெரியல டீச்சர், ஆனா வந்தா குடுத்துடறேன்” என்று சொல்லியிருக்கிறேன்.

பரணில் மூங்கில் தப்பைகளை மாற்றிவிட்டேன். எலி வராது. முட்டி வலிக்கிறது என்றால் கீழேயே படுக்கலாம். எந்தக் கப்பல் என்று எழுது. புவாங் மாஸே இன்னும் இருக்கிறார். போய் நன்றாக நாலு கேள்வி கேட்கப்போகிறேன்.

லா தாஹாங்


தவாவ்
29 மே 1994

அண்ணனுக்கு,

மூன்று ஸராங்கையும் பார்த்தேன். மூன்றாவதில் பென்சில் காகிதத்தைக் கிழித்திருக்கிறது.

தையல் மெஷினை சிதாராவுக்குக் கொடுத்துவிட்டேன். பாத்திரங்களில் பாதியைக் கட்டிவைத்தேன். மறுநாள் அவிழ்த்துச் சோறு வடித்தேன். மறுபடி கட்டினேன். தலையில் பாரம் சுமந்து நடந்து பழகியவளுக்கு, பாரத்தை இறக்கிவைத்தாலும் கழுத்து கொஞ்ச நேரம் திரும்பாது. அண்ணன் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்பதை வைத்துக்கொண்டுதான் பத்தொன்பது வருஷம் காலையில் எழுந்தேன். யாரிடமும் கை நீட்டாமல் இருந்ததும் அந்த வீம்பில்தான். இன்று அது எழுத்தின் குற்றம் என்கிறாய். சரி. அப்படியே இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று. கூடு என்று சொல்லி அனுப்பிவிட்டுத் தங்கை வரவில்லையென்றால், ஓர் அண்ணன் இன்னொரு முறை கேட்டனுப்ப மாட்டானா? வருஷத்துக்கு இருபது பேர் நம் ஊரிலிருந்து இங்கே கப்பல் ஏறி வருகிறார்கள். ஒருவர் வாயிலும் நீ எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

சண்டைக்காகக் கேட்கவில்லை. சண்டை போடத் தெம்பு இல்லை. ஜூலை கடைசியில் ஒரு கப்பல் பாரேபாரே துறைமுகத்துக்குப் போகிறது. பதில் பார்த்துவிட்டு ஏறுவேன்.

கம்பெங்


தெம்பே ஏரிக்கரை, வாஜோ
12 ஜூன் 1994

தங்கச்சிக்கு,

இந்தக் கடிதம் எட்டு நாளாக எழுதுகிறேன். கை வலியால் அல்ல.

புவாங் மாஸேவைப் பார்க்கப் போனேன். கண் தெரியவில்லை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். சண்டை போடத்தான் போனேன்.

“புவாங், என் தங்கச்சிக்கு லெட்டர் எழுதினீங்களே, அன்னிக்கு நான் ஸராங்னுதானே சொன்னேன்?”

“கண்ணுதான் போச்சு தாஹாங். காது போகல. நீ ஸரான்னு சொன்னே. மூக்கும் இல்ல, தொண்டையும் இல்ல. சும்மா ஸரா. உங்க பெரியப்பா எதிர்ல உக்காந்துக்கிட்டுத் தலையாட்டினாரு.”

“எழுத்துல ரெண்டும் ஒண்ணுதானே புவாங்?”

“ஒண்ணுதான். அதனாலதானே அந்த வார்த்தையப் புடிச்சே? துக்கத்துக்கு வேற வார்த்தையா இல்ல நம்ம பேச்சுல? உன் முழியப் பாத்தேன். புரிஞ்சுது. அப்ப கண்ணு இருந்துச்சே எனக்கு.”

“அப்பவே ஏன் கேக்கல?”

“கேட்டிருந்தா உங்க பெரியப்பாவுக்கும் கேட்டிருக்கும்.”

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். இரண்டு புதன்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. டீச்சரே படகில் வந்து பார்த்துவிட்டுப் போனார். காய்ச்சல் என்றேன்.

கம்பெங், அவர் சொன்னதுதான் நடந்தது. அது எனக்கு எப்போதும் தெரியும். மறந்தவன்போல் உனக்கு எழுதினேன். நீ வந்தால் பள்ளிவாசலில் தன் பக்கத்தில் எனக்கு இடமில்லை என்று பெரியப்பா சொல்லியிருந்தார். அவர் காதுக்கு ஸரா வேண்டும். எனக்கு நீ வர வேண்டும். அந்த எழுத்துக்கு வால் கிடையாது என்பது அம்மா உனக்குச் சொல்லிக்கொடுக்கும்போது என் காதில் விழுந்திருந்தது. அதனால் வாயில் துக்கத்தைச் சொன்னேன், காகிதத்தில் அது கூடாகவும் இருக்கும் என்று விட்டுவிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். தைரியம் இருந்தால் அவளே வாலை ஒட்டிக்கொண்டு வரட்டும் என்று உன் தலையில் போட்டேன். நீ வராதபோது, அவள்தானே தப்பாகப் படித்தாள் என்று சொல்லிக்கொண்டேன். இன்னொரு முறை கேட்டனுப்பாதது அதனால்தான். கேட்டனுப்பினால் அது வாய்ப் பேச்சு. வாயால் சொன்னால் வாலோடு சொல்ல வேண்டும், அதுவும் அவர் காதில் விழும்.

எழுதும்போது ஒவ்வொரு ஒலியையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும் என்பது டீச்சர் கட்டளை. போன மாதம் மூன்று முறை ‘ஸராங்’ என்று சொல்லி எழுதினேன். அன்று என் வாய் அந்த ஒலியை எழுப்பவில்லை என்பது மூன்று முறையும் எனக்குக் கேட்டது.

இப்போது சரியாக எழுதுகிறேன். அன்று சொன்னது: ஸரா. இன்று சொல்வது: ஸராங்.

இதைப் படித்துவிட்டு நீ ஏறாமல் இருந்தால், நியாயம் உன் பக்கம்தான்.

லா தாஹாங்


தவாவ்
3 ஜூலை 1994

அண்ணனுக்கு,

படித்தேன். சிதாராவுக்கும் வாசித்துக் காட்டினேன். “உங்க அண்ணன் ஒரே வார்த்தையில ரெண்டு பேர ஏமாத்திட்டாரே, பெரிய ஆளுதான்” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சாயங்காலம் வரை எதுவும் செய்யத் தோன்றவில்லை. கொக்கோவை மழை நனைத்துவிட்டது. மேஸ்திரி திட்டினார்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதற்கும் ஒரு தெம்பு வேண்டும்போல.

தேவையில்லாத இடத்தில், மீனில்கூட ‘ங்’ சேர்க்கிற வாய் உன்னுடையது. எனக்காக ஒரே ஒரு முறை சேர்க்க அதற்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது.

நான் அந்தக் கப்பலில் ஏறுகிறேன். 26 ஜூலை பாரேபாரேவுக்கு வரும். உனக்காக மட்டும் என்று நினைக்காதே. நுனுக்கானில் இன்னொருவர் அடுப்பை ஊத எனக்கு இனிமேல் முடியாது.

ஆனால் ஓடிப்போனவள் தலையைக் குனிந்து ஊருக்குள் வந்து, உன் ஏணிக்குக் கீழே நின்று, மேலே கூப்பிடுவாயா என்று பார்க்க மாட்டேன். அந்த வயது போய்விட்டது. நீ பாரேபாரேவுக்கு வா. நம் ஊர்க்காரர்கள் அந்தக் கப்பலில் எப்படியும் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்கள் நடுவில் நின்று வாயால் சொல். காகிதத்தில் வாலைப் பார்த்துவிட்டேன், என் காதில் அது இன்னும் விழவில்லை. அதே கப்பல் மறுநாள் திரும்புகிறது. நீ சொல்லும் வரை மூட்டையைத் தோளிலிருந்து இறக்க மாட்டேன்.

பதில் எழுதாதே. வந்து நில்.

கம்பெங்


பாரேபாரே துறைமுகம்
27 ஜூலை 1994

தங்கச்சிக்கு,

பதில் எழுதாதே என்றாய். கப்பல் ஒரு நாள் தாமதம். கடலில் காற்றாம். சும்மா உட்கார முடியவில்லை. அதனால் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. மடியில் வைத்து எழுதுவதால் வரிகள் முன்னைவிட மோசம்.

நேற்றுக் காலையிலேயே வந்துவிட்டேன். வழியெல்லாம் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தேன். டயர், சிமெண்ட், பல் வைத்தியர். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். துறைமுகச் சாப்பாட்டுக் கடையில் ‘இக்கான் பாக்கார்’ என்று எழுதியிருந்தது. சுட்ட மீன். உரக்கப் படித்தேன். கடைக்காரி, “தாத்தா, ‘இக்காங்’குன்னு எழுதல, ‘இக்கான்’னுதான் எழுதியிருக்கு” என்றாள். இவளும் நம் பக்கத்துக்காரிதான், எழுத்து தெரிந்ததும் எவ்வளவு திமிர் வந்துவிடுகிறது பார்.

இரவெல்லாம் பெஞ்சில்தான் இருந்தேன். முதுகு ஒடிந்துவிட்டது. நன்னா இருந்திருந்தால், இந்த வயதில் இது தேவையா என்று கேட்டிருப்பாள். தேவைதான். இதை முன்பே செய்திருந்தால் முதுகு இவ்வளவு வலித்திருக்காது.

உன்னிடம் சொல்ல வேண்டியதைக் காலையிலிருந்து சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஸராங், ஸராங் என்று படகுத்துறை நீளத்துக்கும் நடந்தேன். மூன்றாவது நடையில் சட்டைப் பையில் நிறையப் பேனா வைத்த ஒருவர் என்னோடு சேர்ந்து நடந்தார்.

“எவ்வளவு வச்சிருக்கீங்க பெரியவரே?” என்றார்.

“என்ன வச்சிருக்கேன்?”

“ஸராங்தான். எந்தக் குகையிலேருந்து எடுத்தது? வெள்ளையா, சிவப்பா?”

குருவிக்கூடு வாங்குகிற வியாபாரி. சீனர்கள் சூப் வைக்கிற கூடு.

“ஒண்ணே ஒண்ணுதாங்க இருக்கு. பரண்ல. குருவி இன்னும் வரல,” என்றேன்.

“குருவி இருக்கறப்ப எடுக்கக் கூடாதுங்க, போன பிறகுதான் எடுக்கணும்.”

“இது போயி நாப்பத்தொரு வருஷம் ஆச்சு. நான் எடுக்க வரல. வச்சிட்டு இருக்கேன்.”

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். நீ கேட்டபடி ஊர்க்காரர்கள் காதில் விழுவதற்கு முன்னால் பாரேபாரே முழுக்க என் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டது.

இப்போது எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். தூரத்தில் புகை தெரிகிறது. இந்தக் கப்பல்தானா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பெயர்ப்பலகை கண்ணுக்கு எட்டும் தூரத்துக்கு வந்தால் நானே படித்துக்கொள்வேன். நானும் நின்றுகொண்டேதான் எழுதுகிறேன். எழுத்தில் அது உனக்கே தெரியும்.

நீ இறங்கினால் முதலில் சொல்வேன், அப்புறம் மூட்டையை வாங்கிக்கொள்வேன், அப்புறம்தான் இதை உன் கையில் தருவேன். நீ இறங்காவிட்டால் இங்கேயே தபால் பெட்டி இருக்கிறது, அதில் ‘தபால்’ என்று எழுதியிருப்பதையும் படித்துவைத்திருக்கிறேன்.

எப்படியானாலும் அடுத்த வாரம் உனக்கு ஒரு கடிதம் உண்டு. நீ பரணில் படுத்திருந்தாலும் சரி, கீழே உட்கார்ந்து எழுதி ஏணி வழியாக மேலே நீட்டுவேன்.

உன் அண்ணன்
லா தாஹாங்